கீரை அவித்த தண்ணீர்

கமலாட்சியின் வீட்டில் தண்ணீர் ஒரு வேலையோடு தப்பிவிட முடியாது. அரிசி கழுவிய முதல் தண்ணீர் கத்தரிக்கு. இரண்டாம் கழுவலில் சட்டி பானை ஊறும். பிறகு அது மிளகாய்க் கன்றுகளுக்கு. மீன் கழுவியது கறிவேப்பிலைக்கு. குளித்தது ஓட்டில் கட்டிய சின்ன வாய்க்கால் வழியே வாழைக்கு. சிவராசா காலையில் வாய் கொப்பளிப்பதென்றாலும் ஏதாவதொரு கன்றடியில் போய் நின்றுதான் கொப்பளிக்க வேண்டும். மறந்துபோய்க் கிணற்றடியில் துப்பிவிட்டால் அன்று முழுக்க அவருக்கு அர்ச்சனைதான்.

“நாலடி தள்ளிப் போய்த் துப்பினா வாய் கோணிப் போயிடுமோ? அந்த வாழையும் உங்களைப் பாத்துக்கொண்டுதானே நிக்குது!”

தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவள் அவள். போர் முடிந்த வருசம் முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்காக விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை வரிசையில் நின்றவள். கையில் இருக்கும் எதையும் கீழே விடக்கூடாது என்ற பாடத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

மாங்குளம் சந்தியிலிருந்து உள்ளே வரும் ஒழுங்கையில் அவர்களுக்குக் கால் ஏக்கர் காணி இருந்தது. மகள் ராஜினியின் கலியாணத்தோடு அதில் பெரும்பகுதி சீதனமாகப் போனது. மருமகன் அதை விற்றுவிட்டு வவுனியாவில் கடை போட்டான். வாங்கியவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஆளுயர மதில் எழுப்பிவிட்டார். வீட்டுச் சுவருக்கும் அந்த மதிலுக்கும் இடையில் மிஞ்சியது எட்டடி அகலம். அந்த எட்டடியில் கமலாட்சி ஒரு சந்தையையே நட்டு வைத்திருந்தாள்.

உரப்பைகளின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி, மேலே மண்ணும் சாம்பலும் சாயம் வடித்த தேயிலைத் தூளும் போட்டால் ஒரு பைக்கு இரண்டு தக்காளி நிற்கும். பொச்சுமட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு நாள் ஊற்றாவிட்டாலும் கன்று வாடாது. வெடித்த பெயின்ற் வாளியில் வல்லாரை. பழைய வண்டி ரயரில் பொன்னாங்காணி. மதில் கட்டியவரைத் திட்டிக்கொண்டே அந்த மதிலிலேயே பசளிக் கீரையைப் படரவிட்டாள். மூலையில் முருங்கை. எல்லாவற்றுக்கும் மேலே குரங்கு வராமல் ஒரு கிழிந்த மீன்வலை. உப்பும் தேங்காயும் கருவாடும் தவிர அந்த வீட்டுக் குசினிக்குக் கடையிலிருந்து அதிகம் வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவளுக்குக் கழுத்து ஒரு அங்குலம் நீளும். நீளட்டும், அவளுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

சிவராசா வயல் கூலி. முப்பது வருசம் மற்றவர்களுடைய வயலில் நின்று, அந்தந்த வயல் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்தவர். போன வைகாசியில் அவருடைய கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. சேறு கடித்திருக்கும் என்று மஞ்சள் பூசினார்கள். முகமும் வீங்கிய பிறகுதான் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார்கள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன என்று அங்கே சொன்னார்கள்.

டொக்டர் இளம் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள். “முழுக்கப் போகேல்லை. சாப்பாட்டைக் கவனமாப் பாத்தா மெஷினில போட்டு இரத்தம் சுத்தப்படுத்திறதைக் கொஞ்சக் காலம் தள்ளிப் போடலாம். ஆறு கிழமையால திருப்பி இரத்தம் எடுத்துப் பாப்பம்.”

மெஷின் என்றால் என்னவென்று கமலாட்சிக்குத் தெரியும். ஒழுங்கைக் கடைசியில் இருந்த ஏரம்பு அண்ணை இரண்டு வருசம் வாரத்தில் இரண்டு நாள் அதற்காகப் போய் வந்தார். போகும்போது நடந்து போவார், வரும்போது ஓட்டோவில் படுத்து வருவார். பிறகு ஒருநாள் வரவில்லை. அதனால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், என்ற சொல் அவளுடைய நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. அதற்குள் மனிதரைக் காப்பாற்றிவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டு விவரம் சொல்வதற்குத் தாதி மிஸி ஒருத்தி அவர்களைத் தனியாக இருத்தினாள். கையில் ஒரு தாள்.

“கீரை வகை ஒண்டும் வேண்டாம் அம்மா. பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை எல்லாம்தான்.”

“ஓம் மிஸி.”

“தக்காளி கூடாது. வாழைப்பழம் கூடாது, வாழைப்பூவும் கூடாது. இளநீர் வாயில வைக்கவே கூடாது.”

கமலாட்சிக்கு மிஸி தன் வீட்டுப் பின்புறம் நடந்து வருவதுபோல் இருந்தது. மதிலோரமாக வந்து, ரயரைத் தாண்டி, வாழையடியில் நின்று, ஒவ்வொன்றாகக் கைகாட்டி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போகிறாள். எட்டடியில் மிளகாயும் கத்தரியும் கறிவேப்பிலையும்தான் தப்பின.

“அப்ப என்னத்தைத்தான் குடுக்கிறது?”

“முட்டைக்கோவா, போஞ்சி, புடலங்காய், பீர்க்கங்காய் குடுக்கலாம். சின்னனா வெட்டி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுப் பிறகு சமையுங்கோ. விளங்கினதோ?”

“ஓம்.”

ஏன் என்று கேட்டிருக்கலாம். பின்னால் பெரிய வரிசை. மிஸியின் கை அடுத்த தாளை எடுத்துவிட்டது. படித்தவர்களை ஏன் என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது என்றே கமலாட்சி வளர்ந்திருந்தாள். அவளுடைய வாழ்க்கையில் எத்தனையோ வரிசைகள். எந்த வரிசையின் முன்னாலும் நின்று அவள் ஏன் என்று கேட்டதில்லை.

கடையில் கோவாவும் போஞ்சியும் வாங்கினாள். வாழ்நாளில் கடைக்காரனிடம் மரக்கறி நிறுத்து வாங்கியது அன்றுதான். ஏதோ களவெடுப்பவள்போல் சீலைத் தலைப்பால் பையை மூடிக்கொண்டு வந்தாள். புடலை விதையும் பீர்க்கை விதையும் அன்றே ஊன்றினாள். காய்க்க இரண்டு மாதம் செல்லும். டொக்டர் தந்ததோ ஆறு கிழமை.

கோவாவை அவித்தாள். வடித்தாள். சட்டி நிறைய இளம்பச்சைத் தண்ணீர், ஆவியோடு வாசம் பறந்தது. அதைக் கொண்டுபோய் முற்றத்தில் ஊற்ற வேண்டும். வயிற்றுக்குப் போக வேண்டிய சத்தை மண்ணில் விடக் கை போகவில்லை.

குசினிக் குந்தில் சட்டியை வைத்துவிட்டு யோசித்தாள். ஏன் ஊற்றச் சொல்லியிருப்பார்கள்? அவளுக்கே ஒரு விடை கிடைத்தது. கடை மரக்கறி எல்லாம் மருந்தடித்தது. கிருமிநாசினி அடித்த மறுநாளே வெட்டிச் சந்தைக்கு ஏற்றுகிறார்கள் என்று ஊரே சொல்கிறது. அந்த நஞ்சு இறங்கத்தான் அவித்து ஊற்றச் சொல்கிறார்கள். சரிதானே? யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கடைக் கோவாத் தண்ணீரை அவள் மனமில்லாமல், ஆனால் கீழ்ப்படிந்து, கன்றுகளுக்கும் காட்டாமல் குழியில் ஊற்றினாள்.

அடுத்த எண்ணம் அதிலிருந்துதான் பிறந்தது. தன் தோட்டத்தில் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லையே! சாம்பலும் வேப்பங்கொட்டைக் கரைசலும்தான். அப்படியானால் தன் பசளி அவித்த தண்ணீரில் என்ன நஞ்சு? இலையைக் கொடுக்கக்கூடாது என்றார்கள், கொடுக்கமாட்டாள். தாளில் இருப்பதை அவள் மீறமாட்டாள். ஆனால் இலையின் சத்தெல்லாம் இறங்கிய தண்ணீர்? மனிதர் வர வரக் கொக்குமாதிரிப் போகிறாரே.

அன்று மத்தியானம் பசளியும் முருங்கையிலையும் ஒரு சட்டி அவித்தாள். இலையைப் பிழிந்து எடுத்துத் தான் தின்றாள். அது சக்கைமாதிரி இருந்தது. மிச்சத்தை அடுத்த வீட்டுச் சுமித்திராவின் கோழிகளுக்குக் கொடுத்தாள். தண்ணீரில் உள்ளியும் மிளகும் தட்டிப் போட்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, சொதியாக்கிச் சிவராசாவின் சோற்றில் ஊற்றினாள்.

உப்புக் குறைத்த சாப்பாட்டில் வெறுத்துப்போயிருந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

“இது என்ன, நல்லாயிருக்கு!”

“இலை ஒண்டும் இல்லை. வெறும் தண்ணிதான். குடியுங்கோ.”

“இன்னும் கொஞ்சம் விடு.”

அவர் கோப்பையைத் தூக்கி அடியில் இருந்ததையும் குடித்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம். ஒன்றையும் எறியாமல், ஒன்றையும் மீறாமல், புருசனுக்கு உடம்பு தேற்றுகிறோம் என்ற சந்தோசம். கீரைத் தண்ணீர் சொதி, கீரைத் தண்ணீர் கஞ்சி, காய்ச்சலென்றால் கீரைத் தண்ணீர் ரசம். ஆறு கிழமையும் ஒருநாள் தவறாமல். இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது எனக்கு அவளுடைய கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல் இருக்கிறது. யார் நிறுத்தினார்கள்? சுமித்திராகூட, “அக்கா, உங்கட கெட்டித்தனம் ஆருக்கு வரும்!” என்றுதான் சொன்னாள்.

ஐந்தாம் கிழமை சிவராசாவுக்குக் கைகால் சோர்ந்தது. நெஞ்சு படபடக்கிறது என்றார். பலவீனம் என்று நினைத்து அவள் இன்னொரு கோப்பை கொடுத்தாள்.

இரத்தம் எடுத்த அன்று அவர்களை வீட்டுக்கு விடவில்லை. பொட்டாசியம் என்று ஒன்று இரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இதயம் நின்றுவிடலாம் என்று சொல்லி ஓடி ஓடி ஊசி போட்டார்கள். நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். மாலையாவதற்கு முன்னே மெஷினில் போட்டார்கள். அவருடைய இரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வருவதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கமலாட்சி பார்த்தாள்.

அதே மிஸிதான் வந்தாள்.

“என்னம்மா குடுத்தனீங்கள்? கீரை குடுத்தனீங்களோ?”

“ஐயோ, கடவுளாணை ஒரு இலை குடுக்கேல்லை மிஸி. அவிச்ச தண்ணி மட்டும்தான். என்ர தோட்டத்துக் கீரை, மருந்தடிக்காதது.”

மிஸி பக்கத்து வாங்கில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அம்மா, அவருக்குக் கூடாத அந்தப் பொட்டாசிய உப்பு மரக்கறியில இருக்கெண்டுதான் அவிக்கச் சொன்னது, கீரையில அது இன்னும் கூட. அவிச்சா அது தண்ணிக்குள்ள இறங்கிடும். அதுதான் தண்ணியை ஊத்தச் சொன்னது.”

கமலாட்சி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்தநாள் டொக்டரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள். வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு வரிசையின் முன்னால் நின்று கேட்டாள்.

“நான் அதைக் குடுக்காட்டி இவர் மெஷினுக்கு வந்திருக்கமாட்டாரோ?”

டொக்டர் தாள்களைப் புரட்டினாள். “அப்படிச் சொல்லேலாது அம்மா. சிறுநீரகமும் இந்த ஆறு கிழமையில நல்லாப் பழுதாப் போட்டுது. எப்பிடியும் வந்திருப்பார். கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம். சொல்லத் தெரியேல்லை.”

ஓம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். சொல்லத் தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுசி என்ன செய்வாள்? அதையும் எறியத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

சிவராசா ஒரு சொல் குறை சொல்லவில்லை. “உனக்கென்ன தெரியும், எனக்கென்ன தெரியும்” என்றார் பஸ்ஸில். கொஞ்சநேரம் கழித்து, “அந்தச் சொதி நல்லாத்தான் இருந்தது” என்றார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு அது சுகமாக இருந்திருக்கும்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் வவுனியா. ஒரு புதுக் கட்டளையும் சேர்ந்திருக்கிறது. அவருக்குச் சிறுநீர் நன்றாகக் குறைந்துவிட்டதால் தண்ணீரும் அளவுதான். சாயத் தேத்தண்ணி, மருந்து விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒருநாளைக்கு ஒரு சின்னப் போத்தல். காலையில் கமலாட்சி அதை நிரப்பி யன்னல் குந்தில் வைப்பாள். ஒவ்வொரு கன்றுக்கும் சிரட்டையால் அளந்து ஊற்றிப் பழகிய கை, இப்போது புருசனுக்கு அளக்கிறது.

புடலை காய்த்துவிட்டது. கோணாமல் நீளட்டும் என்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். பசளி மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. பிடுங்க ஆளில்லாமல் தக்காளி பழுத்து வெடிக்கிறது. சுமித்திரா வந்து பை பையாகக் கொண்டுபோகிறாள். அந்த எட்டடி இந்த ஆவணி வெயிலிலும் இவ்வளவு செழிப்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

நேற்று மத்தியானம் புடலங்காயை வெட்டி அவித்தாள். பெரிய சட்டி நிறையத் தண்ணீர். வடித்து ஆறவைத்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது சிவராசா பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். உதடு வெடித்திருந்தது. அவருடைய கண் அவள் முகத்துக்கு வராமல் சட்டியிலேயே நின்றது.

“கமலம், இண்டைக்கு எனக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு?”

அவள் திரும்பி யன்னல் குந்தைப் பார்த்தாள். மருந்து விழுங்குவதற்கு ஒதுக்கியதை விட்டால் ஒன்றுமில்லை.

“ரெண்டு மடக்கு கிடக்கு” என்று பொய் சொன்னாள். “பொழுதுபட்டாப் பிறகு குடியுங்கோ.”

அவர் தலையாட்டினார். கமலாட்சி அவருக்கு முதுகைக் காட்டி, சத்தம் கேட்காதபடி சட்டியை மண்ணோடு சேர்த்துச் சரித்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் வாழைக்கு ஊற்றினாள்.