வெள்ளிக்கிழமைகளில் எரிந்த பியூஸ்

மலைதோறும் நின்றருளும் வேலவன் திருவடியை நெஞ்சில் இருத்தி, அவனுக்கு மூத்த ஆனைமுகனை முதற்கண் வணங்கி, இதனை எழுதத் தொடங்குகிறேன். இன்று தை மாதம், வளர்பிறைத் தசமி, உரோகிணி கூடிய வெள்ளிக்கிழமை. நான் சொல்லப்போகும் நாளும் இதேபோல் உரோகிணி கூடிய ஒரு தை வெள்ளியே.

தொண்ணூறுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. என் தாய்மாமன் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்தார். லயம் என்னும் எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அதனால் அந்தக் காருக்கு மரியாதை அதிகம், நோயும் அதிகம்.

ஹட்டன் பக்கம் ஏற்றத்தில் ஊர்ந்து போகையில் எஞ்சின் சூடேறும். அப்போது ரேடியேட்டருக்குப் பின்னாலிருக்கும் காற்றாடி தானாகச் சுழன்று அதைக் குளிர்விக்க வேண்டும். இந்தக் காற்றாடியோ சுழல நினைத்த மாத்திரத்திலேயே அதன் பியூஸ் எரிந்துவிடும். விரல்நகம் அளவே உள்ள அந்தப் பொருளை மாமா டசின் கணக்கில் வாங்கி, விபூதிச் சம்புடம் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். அத்தைக்கு அந்தக் காற்றாடியின் மீதே நம்பிக்கையில்லை. நமக்கே கம்பளி பற்றாத குளிரில் இதற்குக் காற்றாடி கேட்கிறதா என்பார்.

மாமா பக்திமான். வெள்ளிக்கிழமை விடியலில் காரைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, பதிகம் பாடியபடி ஒரு சொம்பு மஞ்சள்நீரை முன்பக்கக் கம்பி வலையின் வழியாக உள்ளே ஊற்றுவார். அதுவே காரின் முகம், முகத்துக்கே அபிடேகம் என்பது அவர் கொள்கை. சொம்பைத் தூக்கிவருவது என் திருப்பணி. பியூஸ் எரிவதும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளிலேயே. பூசையில்தான் ஏதோ குறை என்று மாமா முடிவு செய்தார். ஒரு சொம்பு இரண்டாயிற்று. மார்கழி பிறக்கையில் மூன்றாயிற்று. பூசை கூடக் கூடப் பியூசும் கூடுதலாக எரிந்தது.

மாமா அறியாத ஒன்றை நான் அறிந்திருந்தேன். இறைவன் நாமம் சொல்பவனைக் கண்ணேறு தீண்டாது என்று அவர் திருட்டி கழிப்பதையே விலக்கியிருந்தார். அத்தைக்கு அவ்வளவு துணிவு கிடையாது. லயத்தில் எத்தனை கண்கள். நான் அடுப்படியில் சொம்பை நிரப்பும்போது, ஒரு கைப்பிடி கல் உப்பை நுணுக்கி அதில் போட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டுவார்.

அந்தத் தை வெள்ளியன்று சித்திக்கு ஹட்டனில் நேர்முகப் பரீட்சை. ஆசிரியர் நியமனத்துக்கு எங்கள் லயத்திலிருந்து அழைக்கப்பட்ட முதல் பெண் மாமாவின் இந்தத் தங்கைதான். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் மறுமுறை எப்போது என்று எவருக்கும் தெரியாது. பஸ்ஸில் போகிறேன் என்றுதான் சித்தி சொன்னார். நம் வீட்டுப் பிள்ளை நம் காரில் போய் இறங்க வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். துணைக்கு அத்தையும், எந்தக் காரணமும் இன்றி நானும் ஏறிக்கொண்டோம்.

கினிகத்தேனைக் கடைத்தெருவைத் தாண்டி இரண்டு வளைவு ஏறியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. புது பியூஸ் போட்டார், எரிந்தது. இன்னொன்று, அதுவும் எரிந்தது. சித்தி சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் பேசினார். கிளம்பிய நேரம், ஓட்டிய வேகம், எதையும் விட்டுவைக்கவில்லை.

நல்வாய்ப்பாக அந்த வளைவிலேயே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வண்டி திருத்துபவரை எங்கள் பக்கத்தில் சிங்கள வழக்கப்படி பாஸ் என்போம். அந்தப் பாஸ் வெளியே வந்தபோது, மாமா தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் வெள்ளித்தாளைக் கிழித்து, எரிந்த பியூசின் மேல் சுற்றிக்கொண்டிருந்தார். பாஸ் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தம்பி என்பதற்கான சிங்களச் சொல்லால் மாமாவை அழைத்தார்.

"மல்லி, பியூசுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல. வருத்தம் வேற எங்கயோ இருக்குன்னு அது சொல்லுது. அது வாய அடச்சா, அடுத்து வயர் எரியும். பொறகு கார்."

காற்றாடியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பாட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர்களை அதற்குக் கொடுத்தார். அது அழகாகச் சுழன்றது. ஆகக் காற்றாடி குற்றமற்றது. பின்னர் அதைக் கழற்றியபடியே விட்டு, புது பியூஸ் ஒன்றைப் போட்டு மின்சாரத்தை விட்டார். காற்றாடி இல்லாமலேயே பியூஸ் எரிந்தது. பாஸ் தலையாட்டிக்கொண்டு, எந்தெந்த நாளில் எரிகிறது என்று விசாரித்தார். வெள்ளிக்கிழமை என்று சித்தி சொன்னார். வெள்ளிக்கிழமையில் காருக்கு என்ன செய்வீர்கள் என்றார் பாஸ். மாமா சற்றே பெருமையுடன் அபிடேகத்தை விவரித்தார்.

பாஸ் சிரிக்கவில்லை. வயர் முனையில் தொங்கிய பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கறைக்கு நடுவே வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அதையொட்டிய வயர்களின் மேலுறை வெடித்து, உள்ளிருந்த செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டன. வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.

"லுணு," என்றார். "உப்பு. சாமித் தண்ணி காஞ்சிரும், பரவாயில்ல. உப்பு வயரத் தின்னுரும். யாரு உப்புப் போட்டது?"

என் தோளில் இருந்த அத்தையின் கை இறுகியது. சித்தியின் முகம் சிவந்திருந்தது. அந்தக் காலையில் அவர் எவரையும் மன்னிக்கும் நிலையில் இல்லை. நான் என்னையறியாமல் அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். நான் பார்த்ததை மாமா பார்த்தார்.

"நாந்தான் பாஸ்," என்றார் மாமா.

"நீங்களாண்ணே? திருஷ்டியே பொய்னு சொல்ற ஆளாச்சே நீங்க."

"ஒனக்கு இண்டர்வியூன்னதும் கொஞ்சம் பயந்துட்டேன் தங்கச்சி."

போன வாரமும் எரிந்ததே என்று சித்தி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கெட்டுப்போன வயரை வெட்டி, புதிதாக ஒட்டுப்போட்டு, டேப் சுற்றி, தண்ணீர் படாத உயரத்தில் பிளக்கைக் கட்டிவைத்தார் பாஸ். பியூஸ் எரியாமல் நின்றது, காற்றாடி சுழன்றது. ஹட்டனில் சித்தி படியேறியபோது பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பின்னர் நியமனக் கடிதமும் வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அவரிடம்தான் எழுத்தறிந்தார்கள்.

சித்தி உள்ளே இருந்த நேரத்தில், பக்கத்துக் கோயிலில் காத்திருந்தோம். அத்தை கட்டிவந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் ரொட்டியை மாமாவிடம் நீட்டினார். நானோ என் ரொட்டியைக் கீழே வைத்தேன். வெள்ளியும் உரோகிணியுமான நாளில் மாமா பொய் சொல்லிவிட்டாரே. எழுந்து பிராகாரத்தைச் சுற்றத் தொடங்கினேன். மூன்றாம் சுற்றில் மாமா மறித்து, எதற்கு என்று கேட்டார்.

"நீங்க பொய் சொன்னீங்களே மாமா, அதுக்குத்தான்."

மாமா அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப இன்னும் ரெண்டு சுத்து சேத்துச் சுத்து பாப்பா," என்றார்.

பாவம் பெரியதுதான் போலும் என்று சுற்றினேன். திரும்பிப் பார்த்தால், அத்தையும் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி என் பின்னால் வந்துகொண்டிருந்தார். மாமாவின் பொய்க்காக அவரும் மன்னிப்புக் கேட்கிறார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இதனைப் படிப்போர் அனைவரும், அவர்தம் இல்லத்தாரும், ஒருவர் பிழையை ஒருவர் தாங்கி, எடுத்த ஏற்றமெல்லாம் இனிது ஏறி, அவன் அருளால் நீடு வாழ்க.