ரெண்டு கொம்பு ரௌட்டர்

வைஃபை ரௌட்டர் விற்கிற எங்களுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: எந்த வீட்டிலும் ரௌட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கும். ஃபிரிட்ஜ் இருக்கும், கல்யாண போட்டோ இருக்கும், இரண்டும் இல்லையென்றால் மாமனார் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். இதைப் படிக்கிற நீங்களும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் பாதியில் நின்று, "ஹலோ, கேக்குதா?" என்று கத்தியவர்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடை. அங்கே ஆறு வருஷமாக நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். படித்தது என்னவோ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ். முதலாளி சுப்பையா அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் ஒரு பெண் ஏணியில் ஏறி வயர் இழுப்பதை அவரால் கற்பனைகூடப் பண்ண முடியாது. "நீ நெழல்ல உக்காந்து பில்லப் போடும்மா" என்பார், ஏதோ வரம் கொடுப்பதுபோல. எனக்கு அந்தச் சுழல் நாற்காலியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கொம்பு எண்ணுகிறவர்கள்

ரௌட்டரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஆன்டெனாவுக்கு எங்கள் ஊர் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கொம்பு. "நாலு கொம்பு என்ன வெல? ஆறு கொம்பு என்ன வெல?" என்றுதான் கடைக்குள் நுழைவார்கள். முதலாளியின் சித்தாந்தமும் அதுவே. சின்ன வீடென்றால் நாலு கொம்பு, கார் நிற்கிற வீடென்றால் ஆறு கொம்பு. வீட்டுக்குள் சுவர் என்று ஒன்று இருப்பதை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஒரு நாள் அன்னவாசல் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வீட்டில் ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவர். முதலாளி கொடுத்த ஆறு கொம்பு ரௌட்டரைக் கையில் வாங்கி, சுற்றிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றும் பார்த்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "வீடு எப்படிங்க இருக்கும்? எத்தனை ரூம்? எங்க உக்காந்து பாப்பீங்க?" என்று பில் மேசையிலிருந்தே கேட்டேன். ஒரு ஹால், பின்னால் மாட்டுக் கொட்டகை, அங்கே ஒரு கேமரா, அவ்வளவுதான் என்றார். முதலாளி என்னை முறைத்த முறைப்பில் பிரின்டரே நின்றிருக்கும். அந்த மனிதரோ முதலாளி பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள கேக்குறது நாயந்தானங்க. கொம்ப மட்டும் பாத்தா மாடு புடிக்கிறோம்? காலு, சுழி எல்லாம் பாக்குறோம்ல."

ஏழு நாள் கெடு

அவர் போனதும் எனக்கு நல்ல பூசை கிடைத்தது. அன்றைக்கு நானும் விடவில்லை. ஆறு வருஷமாக மென்று முழுங்கிய பேச்சையெல்லாம் கொட்டினேன். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும், சுவரைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் எந்த ரௌட்டர் என்று சொல்ல வேண்டும், அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவ்வளவு ஆசை எனக்கு.

எங்கள் கடையில் ஒரு போர்டு உண்டு: சிக்னல் சரியில்லையென்றால் ஏழு நாளில் திருப்பி எடுத்துக்கொள்வோம். முதலாளி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். ரெண்டு கொம்பு வைத்த சின்ன ரௌட்டர். யாரோ வாங்கிப்போய் 'சவலைப் பிள்ளையாட்டம் இருக்கு' என்று திருப்பிக் கொடுத்தது. நான் போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"இத ஒரு வீட்டுல உக்கார வையி. ஏழு நாள்ல திரும்பி வரலன்னா வீடு பாக்குற வேல ஒன்னுது. வந்துச்சு, பேசாம பில்லப் போடு."

வீடு பார்க்க வந்தவள்

முதலில் திருக்கோகர்ணத்தில் ஒரு ஓய்வு பெற்ற தபால்காரர் வீடு. ரௌட்டர் கேட்டிருந்தார். "நாளைக்கு வீடு பாக்க வாரேங்க" என்று போனில் சொன்னேன். அவர் பஸ்ஸில் இருந்ததால் 'வீடு பாக்க' மட்டும்தான் கேட்டிருக்கிறது. அவர் வீட்டு மாடி வாடகைக்கு ஆள் வராமல் ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கிற விஷயம் எனக்கு எப்படித் தெரியும்?

போன உடனே காபி. அவரும் அவர் வீட்டம்மாவும் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பரவாயில்லையே, முதல் வீடே இவ்வளவு ஒத்துழைக்கிறதே என்று பூரித்துப்போய், நான் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, எது செங்கல், எது காங்கிரீட் என்று நோட்டில் எழுதினேன். இருவரும் ராத்திரி எந்த ரூமில் படுப்பீர்கள் என்றும் கேட்டேன். அந்தம்மா முகம் மாறிவிட்டது. "நீங்க சைவமா, கவுச்சி சாப்பிடுவீகளா?" என்று கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "எல்லாமே சாப்பிடுவேங்க" என்றேன் ஆசையாக. பையிலிருந்து ரௌட்டரை எடுத்த பிறகுதான் விஷயம் வெளிச்சமானது.

மூன்று பேரும் சிரித்துத் தீர்த்தோம். ஹால் ஷோகேஸ் மேலே ரெண்டு கொம்பை வைத்தேன். வீடு முழுக்க, அடுப்படி வரைக்கும் போனில் சிக்னல் நாலு கோடு. கேட் வரைக்கும் வழியனுப்ப வந்தவர் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நெட்டு கெடக்கட்டும். மேல நல்ல காத்து, தண்ணியும் நல்ல தண்ணி. யோசிச்சுச் சொல்லும்மா."

பீரோ

ஐந்தாம் நாள் தபால்காரர் ஒரு மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். பைக்குள்ளே நம்ம ஆள். இரண்டு கொம்புக்கும் நடுவே சந்தனம், குங்குமம். "மொத நாளு நல்லா வந்துச்சும்மா, அப்புறம் சுத்தமா இல்ல" என்றார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "பத்திரமாத்தான் வச்சிருந்தோம்" என்றார். ஹாலில் வைத்தால் வருகிறவர்கள் கண் படுகிறதாம். அதனால் அந்தம்மா அதை இரும்பு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு மேலே வைத்து, வயரை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே விட்டு, பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டார்கள்.

இரும்புக்குள் வைத்தால் சிக்னல் எப்படி வெளியே வரும் என்று எடுத்துச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் சென்னையில் இருக்கிற மகன் எட்டுக் கொம்பில் ஒன்று வாங்கி அனுப்பிவிட்டான். அதையாவது வெளியே வையுங்கள் என்று கும்பிட்டு அனுப்பினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, பீரோவில் வைத்தது என் குற்றமில்லை என்று இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். அந்த நியாயம் அவரிடம் எப்போதும் உண்டு.

"அவுத்து விட்ட ஜல்லிக்கட்டு மாடு மாதிரி நேரா வீடு வந்து சேந்துருச்சு பாரு. இன்னும் ஒரு தடவ அவுத்து விடு. அதுக்கு மேல கேக்காத."

அடுத்த வீட்டுக் கோடு

நடுவில் ஒரு நாள் ஆலங்குடியிலிருந்து ஒரு பெரியவர், போனை நீட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார். அவர் வீட்டுப் படுக்கையறையில் அவருடைய ரௌட்டர் இரண்டு கோடு காட்டுகிறது, பக்கத்து வீட்டு ரௌட்டர் நாலு கோடு காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்க்கால் தகராறு வேறு இருக்கிறதாம். அவர்கள் ரௌட்டர் உங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கும், உங்களுடையது வாசலில் இருக்கும், இடத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நிதானமாகச் சொன்னேன். அவர் பிரச்சினை அதுவே இல்லை.

"எனக்கு வரலன்னா போவுது. என் வீட்டுக்குள்ள அவன் சிக்னலுக்கு என்ன சோலி? அத நிறுத்துறதுக்கு எதுவும் வச்சிருக்கீகளா?"

ஆகாது என்று சொன்ன வீடு

திருமயத்தில் ஒரு பழைய பெரிய வீடு. சுவர் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளத்துக்குத் தடிமன். அந்த வீட்டு மருமகள் கடைசி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். ரெண்டு கொம்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். முன் ஹாலில் வைத்தால் அங்கே பிரமாதமாக வருகிறது, அந்த அறைக்கு ஒரு கோடுதான். எனக்குச் சபலம் தட்டியது, மறைப்பானேன்? முன் ஹாலிலேயே வைத்துவிட்டு வந்தால், 'போகப் போகச் சரியாயிடும்' என்று சொல்லி எப்படியாவது ஏழு நாளை ஓட்டிவிடலாம். எனக்கு வேலை கிடைத்துவிடும். அந்தப் பெண் வகுப்பு நடுவே 'கேக்குதா, கேக்குதா' என்று கத்திக்கொண்டிருப்பார்.

மனசு வரவில்லை. "இது ஒங்க வீட்டுக்கு ஆகாதுங்க. கேபிள்காரர்ட்ட சொல்லி உள் ரூம் வரைக்கும் வயர் இழுங்க, அங்க ஒரு சின்ன ரௌட்டர் போதும். வயர் வந்த பொறகு வாங்குங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரௌட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்லிட்டு வாரதுக்கு ஒரு ஆளு, அவுகளுக்கு பஸ் டிக்கெட் வேறயா?"

கட்டுமாவடி

கடைசியில் அது கட்டுமாவடிக்குப் போனது. அந்தோணியம்மா அக்கா மீன் யாவாரி. கரையில் மீனை எடுத்துவந்து வீட்டுக்குப் பின்னாலிருக்கிற தகரக் கொட்டகையில் ஐஸ் பெட்டிகளில் வைத்து, திருச்சி, மதுரை ஆட்களுக்கு வீடியோ காலில் காட்டி விற்கிறார்கள். பேரம் சூடுபிடிக்கிற நேரத்தில் படம் நின்றுவிடும். "படம் மங்குனா மீனே பழசுன்னு நெனைக்கிறாகத்தா. நேத்துப் பிடிச்ச மீனுக்கு முந்தாநாள் வெல கேக்குறாக" என்று புலம்பினார்கள்.

கொட்டகைக்கு மூன்று பக்கமும் தகரம். வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் திறப்பு, அந்தத் திறப்பை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய நீல டிரம். தகரமும் தண்ணீரும் சிக்னலுக்கு ஜென்ம விரோதிகள். முன் வாசலில் இருந்த இணைப்பை வயர் போட்டு அடுப்படி ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். ஏணியில் நானேதான் ஏறினேன், ஆணியும் நானேதான் அடித்தேன். ஜன்னலில் ரெண்டு கொம்பை வைத்து, இரண்டு பேருமாக டிரம்மைக் காலி செய்து அங்கிட்டு உருட்டினோம். அக்கா கொட்டகைக்குள் நின்று மதுரைக்குப் போன் போட்டு, ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, முகமெல்லாம் பல்.

"செவுளு செவப்பு அப்புடியே தெரியுதாம்த்தா! இனிமே எந்த வாய வச்சுப் பேரம் பேசுவாக?"

அளவு

ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பில் போட்டேன். ஆறாம் நாள் முதலாளி வாசலைப் பார்த்தபடி, "மலரு, வந்துருச்சு" என்றார். அந்தோணியம்மா அக்கா படியேறி வந்துகொண்டிருந்தார்கள். மார்போடு அணைத்த கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். துண்டை விலக்கி மேசை மேல் வைத்தார்கள். அதேதான். சந்தனப் பொட்டின் கறைகூட இன்னும் போகவில்லை. முதலாளி கேலி செய்யவில்லை. பாவம், எனக்காக அவர் முகமும் வாடித்தான் போனது. மெல்ல ரிட்டர்ன் நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"சிக்னல் வரலியாக்கா?" என்றேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தையல்காரரிடம் புதுத் துணியோடு அளவு ஜாக்கெட் கொண்டுபோவோம் இல்லையா, அந்த மாதிரி வந்திருக்கிறார்கள். அடுத்த தெருவில் இருக்கிற தங்கச்சிக்கும் ஒன்று வேண்டுமாம். அன்றைக்குக் கடலுக்குப் போகாத நாள். அதனால் மீன் வேலை இல்லையென்று இதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் இடிபடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன். பில் மேசையிலேயே, வாடிக்கையாளர் முன்னாலேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். முதலாளி நோட்டை மூடிவிட்டு, உற்சாகம் தாங்காமல் ஆறு கொம்பு ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"அளவுக்குல்ல கொண்டாந்திருக்கேன், கண்ணு தெரியல? இதே மாதிரி குடுங்க, கொம்பு கூடிரப்படாது. அதுக்கு முன்னாடி இந்தப் புள்ளய அனுப்புங்க, தங்கச்சி வீட்ட வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்."

இப்போது நான் ஊர் ஊராக வீடு பார்க்கிறேன், என் சுழல் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்து பில் போடுகிறார், அந்த மூலையில் மட்டும் சிக்னல் சரியாக இல்லை என்று வாரத்துக்கு ஒருமுறை என்னிடமே புகாரும் கொடுக்கிறார்.