ஆறப்போட்ட பெட்டி

பாண்டிசெல்விக்கு என்ன வேலை என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். "கம்ப்யூட்டர்ல ஓட்டை கண்டுபிடிச்சு அடைக்கிற வேலை" என்பார் அவளுடைய அப்பா தங்கப்பாண்டியன். இருக்கிற பதில்களில் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது.

தங்கப்பாண்டியன் மகாராஜபுரத்துக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டினார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் மகளும்தான். அவரைத் தனியாக விட மனமில்லாமல், பெங்களூர்க் கம்பெனியின் வேலையை வீட்டு மாடியில் இருந்தபடியே பார்த்தாள் செல்வி.

அந்தக் கம்பெனி செய்வது பிரவுசர் என்ஜின். இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள்வேலை அதனுடையது. அவர்களுடையது ஆஸ்பத்திரித் திரைகளுக்கானது. கட்டிலில் கிடக்கும் நோயாளி மணியை அழுத்தினால், நர்ஸ் உட்காரும் இடத்துத் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று தோன்றும். நர்ஸ் போய்ப் பார்த்ததும் மறையும். ஆனால் சில நாள் தொடர்ந்து ஓடினால் திரை உறைந்துவிடுகிறது என்று புகார் வந்தது. கறுத்துப்போனாலாவது யாருக்கும் தெரியும். இது பழைய படத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். வார்டில் எல்லோரும் சுகமாகத் தூங்குவது போலத் தோன்றும்.

காரணம் நினைவகக் கசிவு. கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர் எழுந்தால் இலை எடுப்பவர் வந்து எடுப்பார், அடுத்தவர் உட்காரலாம். இலையில் யாராவது கை வைத்திருந்தால் அவர் எடுக்கமாட்டார். இங்கே மறைந்துபோன சிவப்புக் கட்டங்களை நிரலின் ஏதோ ஒரு மூலை இன்னும் விடாமல் பிடித்திருந்தது. இலைகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் பந்தியில் இடமில்லை.

செல்வி சந்தேகப்பட்ட இடத்தைத் திருத்தினாள். திருத்தம் சரிதானா என்று பார்க்க, கம்பெனி அனுப்பிய சோதனைப் பெட்டியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ராஜபாளையத்தில் வாங்கிய யு.பி.எஸ். கீழே சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்ததால் பெட்டியையும் அங்கேயே வைத்தாள். அது இராப்பகலாகப் பொய் மணிகளை அடித்துக்கொண்டு, ஆயிரம் மணிக்கு ஒரு முறை தன் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று குறித்துவைத்தது.

அந்தக் கணக்கின் வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், இறங்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைவிட ஆறுதலான படம் கிடையாது. இலை எடுப்பவர் அவ்வப்போது வந்து துப்புரவாக எடுக்கிறார் என்று அதற்கு அர்த்தம். கசிவு இருந்தால் கோடு ஏறிக்கொண்டே அல்லவா போகும்? செல்வி நிம்மதியாக, "கசிவு இல்லை" என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். அதை நம்பித் திருத்தம் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது.

கெட்ட சேதி சில மாதம் கழித்து வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் திரை உறைந்திருக்கிறது. வயதான அம்மா ஒருவர் மணியை அழுத்தி அழுத்திப் பார்த்து, யாரும் வராததால் தானே இறங்கப்போய் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

எதையும் அப்பாவிடம் மறைக்கிற பழக்கம் செல்விக்கு இல்லை. சோறு போடும்போது சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் கேட்பார்: "அந்தம்மாவுக்கு எப்படி இருக்காம்?" ஒரு நாள் அவள், "போயிட்டாகளாம்ப்பா" என்றாள். அவர் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார்.

செல்வி பழைய சோதனையைத் தோண்டினாள். பெட்டி தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் இன்னொரு பதிவு இருந்தது. அதை அவள் அப்போது திறந்தே பார்க்கவில்லை. இப்போது திறந்தாள். பெட்டி தினமும் சாயங்காலம் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. ரம்பப் பல்லின் இறக்கம் ஒவ்வொன்றும் பெட்டி அணைந்ததால் வந்தது. ஊர் ஓட்டையை எல்லாம் தேடுகிறவள், "பெட்டி இடையில் நின்றதா" என்ற முதல் கேள்வியைக் கேட்கவில்லை. யு.பி.எஸ். கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சோதனையை மறுபடி தொடங்கினாள். மாடியில் தினமும் ஆறு மணிக்கு நடக்கும் கம்பெனி மீட்டிங்குக்குப் போகாமல் கீழேயே உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். காய்ச்சல் பார்ப்பதுபோலப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சுவிட்சை அணைத்தார். பிறகு விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தார்.

"என்னப்பா செய்றீங்க?"

"எம்புட்டு சூடு, தொட்டுப் பாரு. லடாக்ல மேடு ஏறுனா வண்டிய நிறுத்தி செத்த நேரம் ஆறப்போடுவோம். இல்லேன்னா நடுவழியில கால வாரிரும். நீ மாடிக்குப் போன பொறவு தெனமும் நாந்தான் இத ஆறப்போடுறேன். காப்பியக் குடிச்சிட்டுத் திரும்பப் போட்டுருவேன். அதுபாட்டுக்கு ஓடும்." பெருமையாகத்தான் சொன்னார்.

"இனிமே நிறுத்தவேணாம்ப்பா. நிக்காம ஓடுனாத்தான் ஓட்டை இருக்கிறது தெரியும்."

சொல்லியிருக்கக் கூடாது. பட்டாளத்தில் டன் கணக்கில் பாரத்தை மலை ஏற்றி இறக்கிய மனிதருக்கு அந்த ஒரு வரி போதும். அணைந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப முன்னால நான் நிறுத்துனது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"அந்தம்மா விழுந்தது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அப்பாவிடம் பொய் சொல்லிப் பழகியிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, தீப்பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அன்று விளக்கை அவள்தான் ஏற்றினாள்.

நிற்காமல் ஓடியதும் கசிவு அகப்பட்டுவிட்டது. நேரம் கணக்கிடும் பகுதி ஒன்று ஒவ்வொரு கட்டத்தையும் பிடித்துவைத்திருந்தது. அதை விடுவிக்க நாலு வரி போதுமாக இருந்தது. நடந்ததற்குக் கம்பெனியில் விளக்கம் கேட்டார்கள். "யு.பி.எஸ். கோளாறு. பதிவைச் சரிபார்க்காதது என் தவறு" என்று எழுதிக்கொடுத்தாள். பெட்டியும் பெங்களூருக்குத் திரும்பிப் போய்விட்டது.

தங்கப்பாண்டியன் அதன் பிறகு எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. மோட்டார் போடமாட்டார். வேர்த்துக் கொட்டினாலும் ஃபேன் போடமாட்டார். மீட்டிங் முடிந்து செல்வி இறங்கி வரும்போது வீடு இருட்டாகக் கிடக்கும். சாமி அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரியும்.

"லைட்டையாவது போட்டிருக்கலாம்லப்பா."

"நீயே போடு தாயி. எது ஓடணும், எது நிக்கணும்னு எனக்குத் தெரியல."