இரண்டரைப் புடவை, ஒரு முழம் குறைய

என் பந்துவீச்சைப் பற்றி எங்கள் கேப்டன் சொன்னதையே சொல்லிவிடுகிறேன். “சார், நீங்க போடுற பந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பேட்ஸ்மேன் காபி குடிச்சிட்டு வந்துடலாம்.” ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு அணியில் நான்தான் மூத்தவன், நாற்பத்தெட்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் விக்கெட் எடுக்கவில்லையென்றால் பந்தை ஒப்படைத்துவிட்டு ஸ்கோர் எழுத உட்கார வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஸ்கோர் எழுதுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

எதிரணி தில்லைநகர் இளைஞர்கள். கோடையில் கொள்ளிடக் கரையோரம் மண் இறுகிக் கிடக்கும்; அங்கேதான் ஆட்டம். போன பிறகுதான் தெரிந்தது, அளக்கும் டேப்பை யாரும் கொண்டுவரவில்லை.

பிட்ச் இருபத்திரண்டு கஜம் என்பது எல்லோருக்கும் தெரியும். கஜம் எவ்வளவு என்பதில்தான் தகராறு. எங்கள் அணியில் ஆடும் கட்டட கான்ட்ராக்டர், “அறுபத்தாறு அடி, அவ்வளவுதான்” என்று சொல்லி ஷூவோடு அடிமேல் அடி வைத்து நடந்தார். அவர் ஷூ பதினொன்றாம் நம்பர். எங்கள் விக்கெட் கீப்பர் ஏழாம் நம்பர் செருப்போடு அதே அறுபத்தாறு அடியை நடந்து வேறொரு இடத்தில் நின்றார். ஒருவர் போனைப் பார்த்து இருபது மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றார். மீட்டருக்கு மட்டும் எங்கே போவது? கடைசியில் யாரோ வண்டியிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துவந்தார்கள். அறுபது அங்குலம். எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு அங்குலத்துக்குப் பதிமூன்று டேப்பும் ஓர் அடியும் என்று கணக்குப் போட்டு அளக்க ஆரம்பித்தோம். ஒன்பதாவது டேப்பில் அளந்துகொண்டிருந்தவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்தபோது அது ஒன்பதா எட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

என் பையில் மனைவியின் புடவை இருந்தது. அரக்கு நிறச் சுங்குடி, மடிசார் கட்டுகிற ஒன்பது கஜம். மறுநாள் அவள் பிறந்தகத்தில் விசேஷம். போகிற வழியில் இஸ்திரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாள், நான் மறந்திருந்தேன். “ரெண்டு தடவை போட்டா பதினெட்டு” என்றேன். “அப்புறம் பாதியா மடிச்சா நாலரை. மொத்தம் இருபத்திரண்டரை. அரை கஜம்னா ஒரு முழம். அதைக் கழிச்சிடலாம்.”

எல்லோரும் சரி என்றார்கள். வாழ்க்கையில் என் கணக்கை இத்தனை பேர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான்கு பேர் பிடித்துப் புடவையைத் தரையில் விரித்தோம். பூக்காரர் அளப்பதுபோல் கையை மடக்கி முழம் போட்டது நான்.

அன்று நான் ஆறு விக்கெட் எடுத்தேன். நான் போட்ட பந்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. பேட்டைத் தூக்குவதற்குள் ஸ்டம்ப் போனது. தில்லைநகர்க்காரர்கள் வேகமாகப் போட்டதெல்லாம் எங்கள் தலைக்கு மேலே பறந்து உதிரி ரன்னாகக் கொட்டியது. ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். இடுப்புவரை தூக்கிவிட்டு இறக்கிவிட்டார்கள். “அடுத்த வாரம் ஜீயபுரம். அங்க சிமெண்ட் பிட்ச்” என்றார் கேப்டன். “முதல் ஓவர் நீங்கதான் சார்.”

வீட்டுக்கு வந்து புடவையை நீட்டினேன். மண் உதிர்ந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்; சிரித்தாள்.

“ஏன்னா, அது எட்டு கஜம்தான். நான் இருக்கற ஒல்லிக்கு ஒன்பது எதுக்குன்னு ஒரு கஜம் வெட்டி ரவிக்கை தெச்சுண்டேன்.” பீரோவிலிருந்து எடுத்தும் காட்டினாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். எட்டும் எட்டும் நாலும், முழம் போகப் பத்தொன்பதரை. இரண்டரை கஜம் குறைச்சல். அடிக்கு மாற்றினால் ஏழரை. எந்த அளவில் போட்டாலும் சனி ஏழரையாகத்தான் வருகிறான்.

“கேப்டன்கிட்ட சொல்லிடுங்கோ.”

“என்னன்னு சொல்றது? ஆறு விக்கெட்டும் உன் ரவிக்கையில இருக்குன்னா?”

அவள் ரவிக்கையை மடித்துப் பீரோவில் வைத்தாள். “அப்போ தோள்பட்டை வலின்னு சொல்லுங்கோ.”

சொன்னேன். கேப்டன் உண்மையாகவே வருத்தப்பட்டார். “இப்பத்தான் சார் ஃபார்முக்கு வந்தீங்க. பரவாயில்ல, நீங்க இல்லாம மேட்சா? வந்து ஸ்கோர் எழுதுங்க.”

ஜீயபுரத்தில் வாழைத்தோப்பு ஓரம் நாற்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்தேன். எந்த நாற்காலிக்குப் பயந்தேனோ அதே நாற்காலி. என்றும் வராத மனைவி அன்று கூட வந்திருந்தாள், அந்த அரக்கு ரவிக்கையோடு. சிமெண்ட் பிட்ச் வெயிலில் நீளமாகக் கிடந்தது. அளந்தே கட்டிய இருபத்திரண்டு கஜம்; புடவைக்கு அங்கே வேலையில்லை.

அணிக்குப் புதிதாக வந்தவரிடம் கேப்டன் என்னைக் காட்டினார். “ஒரே மேட்ச்ல ஆறு விக்கெட். பாவம், தோள் போயிடுச்சு.”

“எந்தத் தோள் சார்?” என்று அவர் அக்கறையோடு கேட்டார்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு இடது தோளைப் பிடித்தேன். நான் வலது கைப் பந்துவீச்சாளன். பக்கத்திலிருந்த மனைவி என் கையை எடுத்து வலது தோளில் வைத்தாள்.