ஐம்பத்து நாலா, நாற்பத்தைந்தா?

சரஸ்வதி பூசையன்று அப்பா தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்திக்குச் சந்தனம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது கொடுத்த குடும்ப அட்டைக்கும் ஈரச் சந்தனத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். எட்டு இலக்க எண்ணில் ஐந்தாவதும் ஆறாவதும் மையோடு கரைந்து போயின.

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வேலையும் வீடும் ஒதுக்கியிருந்தார்கள். பூசை விடுமுறை முடிந்த மறுநாள் மாலைக்குள் குன்னூர் அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிப் பதியாவிட்டால் வீடு அடுத்த குடும்பத்துக்கு. போய்ச் சேரவே நாலரை மணி ஆகிவிட்டது.

"ஏனுங்க, பேர வெச்சுத் தேடுனா ஒரு வாரம் ஆகுமுங்க. பேரேடெல்லாம் மாடில நம்பர் வரிசைல இருக்குது. நம்ம முழங்காலுக்கு ஒருக்காத்தான் ஏற முடியும். ஒரே நம்பரா சொல்லுங்க" என்றார் குமாஸ்தா.

"நாப்பத்தஞ்சுங்க ஐயா" என்றார் அப்பா. "எல்லாத்தையும் கூட்டினா ஒம்போது வரும். ராசியான நம்பர்."

நாலும் ஐந்தும் என்பது எனக்கும் நினைவிருந்தது; எது முன்னே என்பதுதான் மறந்துவிட்டது. ஐம்பத்து நாலு போட்டாலும் கூட்டினால் அதே ஒன்பதுதானே! அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த எண்ணை நான் வகுக்காத வகுத்தல் இல்லை. ஒன்பதால் மீதியில்லாமல் போகும், பதினொன்றாலும் போகும். ஏழுக்கு மசியாது. ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் போவதால் தொண்ணூற்றொன்பதாலும் போக வேண்டும்.

அப்படிப்பட்ட எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டினால், தொகையும் தொண்ணூற்றொன்பதால் வகுபடும். உள்ளங்கையில் எழுதினேன். ஐம்பத்திரண்டு, பதினெட்டு, கடைசியில் எழுபத்து நாலு. மொத்தம் நூற்று நாற்பத்து நாலு. தொண்ணூற்றொன்பதின் இரு மடங்கான நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு இன்னும் வேண்டியது ஐம்பத்து நாலு. வேறெதுவும் பொருந்தாது.

"அம்பத்து நாலுங்க" என்றேன்.

நாலு பேர் முன்னால் அப்பாவை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அப்பா என் கையை இழுத்துப் பார்த்தார். அவருக்குக் கூட்டல் தெரியும், இந்த வெட்டல் தெரியாது. கணக்கு தப்பினால் குடும்பத்தில் ஐந்து பேரும் நடுத்தெருவில். பிறகு என் உள்ளங்கையைக் குமாஸ்தா பக்கம் நீட்டினார்.

"புள்ள சொல்றதையே பாருங்க ஐயா."

குமாஸ்தா முனகிக்கொண்டே படியேறினார். இறங்கி வந்து பேரேட்டை மேசையில் போட்டு, விரலால் தடவிக்கொண்டே போய் நிறுத்தினார். அப்பா பெயர், அம்மா பெயர், அடுத்து என் பெயர்.

"இதுல இருக்குற புள்ள நீதானா அம்மிணி?"

நான் வாயைத் திறப்பதற்குள், "அவதாங்க ஐயா, என் மகதான்!" என்றார் அப்பா. தோட்டத்துத் துரைமார் முன்னால் முணுமுணுத்தே பழகிய மனிதர், அந்த அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.