செவ்வாயில் கல்லுக்குப் பெயர் இருந்தது

கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் செவ்வாய் கிரகம் கருவாட்டு வாசனையோடுதான் வந்து சேர்ந்தது. டவுனில் முஸ்லிம் கடைக்காரர் கருவாடு சுற்றிக் கொடுத்த பழைய தமிழ்ப் பேப்பரில் அந்தப் படம் இருந்தது. அமெரிக்கக் கலம் இறங்கி நின்ற இடம். கண்ணுக்கு எட்டியவரை கல், கல்லுக்கு இடையில் மணல் மேடு, ஓரத்தில் கலத்தின் கால். படம் கறுப்பு வெள்ளைதான். மண் செம்மண் என்று கீழே எழுதியிருந்தது.

பக்கத்தில் கிடந்த பெரிய பாறைக்கு ஆள் பெயரே வைத்திருந்தார்கள். அதன்மேல் இறங்கியிருந்தால் கலம் கவிழ்ந்திருக்குமாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கல்லுக்கா பேரு வச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா கருவாட்டைக் கழுவப் போனாள்.

என் தம்பிக்குப் பெயர் இல்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் செத்துப்போனான். அப்படிச் செத்த பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடமில்லை என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அம்மா பால் வெட்டிய ரப்பர் மர நிரையில், முதல் மரத்தடியில் புதைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படிப் புதைத்த பிள்ளைகள் நிறைய. சிலுவை நட முடியாது, மரம்தான் அடையாளம். தினமும் விடிந்தும் விடியாமலும் அந்த மரத்தில்தானே கத்தி வைக்கப்போகிறோம், மறந்தா போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மரத்தையே பிடுங்குவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டம் நம்முடையது என்று நினைத்தவர்களுக்குத்தான் அந்த முட்டாள்தனம் வரும்.

செவ்வாய்ப் படம் வந்த வருஷம்தான் எண்ணெய் எடுக்கிற செம்பனை நடுவதற்காகப் பால் மரங்களைச் சாய்த்து எரித்தார்கள். புல்டோசர் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிட்டது. கல்லும் சாம்பலும் செம்மண்ணுமாக, பேப்பரில் பார்த்த படம் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு எதிரிலேயே கிடந்தது.

கல்லறைத் திருநாளன்று அம்மா மெழுகுவத்தியோடு அந்தப் பொட்டலில் அலைந்தாள். நானும் பின்னால் நடந்தேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆளாளுக்கு நிரை பிரித்துக் கொடுத்தவரே அவர்தான்.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் நெரையெல்லாம் தெரியும். எம்புள்ள எங்கன்னு காட்டுங்கண்ணே."

"இது இப்ப செவ்வாய் கெரகம்லா. எங்க கொளுத்துனாலும் சாமாதான், எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. பூட்ஸ் காலை நீட்டி ஒரு கல்லைக் காட்டினார். "அங்கதான், போ." அம்மா அந்தக் கல்லுக்கு முன்னால் முட்டி போட்டு அழுதாள்.

அதன் பக்கத்தில் ஒரு செம்பனை வளர்ந்தது. வருஷா வருஷம் அம்மா அங்கே மெழுகுவத்தி ஏற்றினாள். அந்த மரத்தடியில் வெட்டிய மட்டையைப் போட யாரையும் விடமாட்டாள். சண்டைக்கே போவாள்.

எண்பதுகளில் மண்டோர் வேலையை விட்டு, பாக்கார் ஆராங்கில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போனார். அவரை வழியனுப்ப விருந்து வைத்தோம். இரண்டாவது முறை கறி வாங்கிக்கொண்டே அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சும்மா ஒரு கல்லக் காட்டுனேன்லா. இந்தம்மா இன்னமும் செம்பனைக்குப் பூச வைக்குது." பந்தியே சிரித்தது. கறிச் சட்டியோடு அம்மா அவருக்கு எதிரில்தான் நின்றாள். அடுத்த இலைக்கும் பரிமாறிவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்த வாய் புழுத்துப் போகட்டும் என்று சபித்தேன். இன்றைக்கும் அந்தச் சாபத்தை நான் திரும்பப் பெறவில்லை. மனிதர் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ்ந்தார்.

செவ்வாயில் இறங்கிய கலமும் அதற்குள் செத்துப்போயிருந்தது. ஆனால் அது எந்தப் பாறைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அதை அனுப்பியவர்களுக்குத் தெரியுமாம்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கும் அம்மா மெழுகுவத்தி வாங்கினாள். பொழுது சாய்ந்ததும் ஏற்றிக் கையில் பிடித்தபடி லயத்து வாசலில் நின்றாள். எதிரில் செம்பனை, இரண்டு பக்கமும் செம்பனை.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்டி?" என்று என்னிடம் கேட்டாள்.