ஹட்டனில் காப்புறுதிக்காரர்கள் சங்கம் வைத்தோம்

ஒருவரிடம் போய், நீங்கள் இறந்துபோனால் குடும்பம் என்னாகும் என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டிலேயே தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருகிற தொழில் காப்புறுதி. வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒற்றுமை

தொண்ணூறுகளில் ஹட்டன் முகவர்களுக்குள் ஓயாத அடிபிடி. நான் காலையில் பேசி வைத்த வீட்டில் மத்தியானம் வேறு கம்பனிக்காரர் கையெழுத்து வாங்கியிருப்பார். இதற்கொரு முடிவு கட்டத்தான் சங்கம் தொடங்கினோம். நசீர் நானாவின் சாப்பாட்டுக் கடை மாடியில் முதல் கூட்டம். தலைவர் தணிகாசலம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணக்குப் படிப்பித்து, ஓய்வுபெற்றபின் முகவரானவர். "இண்டையிலிருந்து ஒருத்தற்றை வாடிக்கையாளரை மற்றவர் இழுக்கக் கூடாது" என்று அவர் சொல்ல, எல்லோரும் கைதட்டினோம்.

தேத்தண்ணி கொண்டுவந்த நானா, தனக்கும் ஒரு காப்புறுதி எடுக்க எண்ணம் இருப்பதாகச் சொன்னார். மாஸ்டர் உட்பட அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து நின்றோம். நானா தட்டை மேசையில் வைத்தார். "நீங்க மொதல்ல கூட்டத்த முடிங்க. நான் கீழ போய் யோசிக்கிறேன்."

பரீட்சை

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பரீட்சையில் தேறினால்தான் முகவராக இருக்கலாம் என்று விதி வந்தது. தேறாவிட்டால் பிழைப்பே போய்விடும். மாஸ்டர் சங்கத்தில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பரீட்சை மண்டபத்தில் அவரே பழக்கதோஷத்தில் மேற்பார்வையாளரின் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டி வந்தோம்.

எல்லோரும் தேறினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோர்வூட்டில் என் பழைய வாடிக்கையாளரான, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலைவாங்கியே பழகியவர், என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தன வருசமா பாஸ் பண்ணாமத்தான் எங்களுக்கு இன்சூரன்ஸ் வித்தீங்களா, தங்கச்சி?"

ஒரே ராமாயி

திம்புள்ளப் பக்கம் கொழுந்து பறிக்கும் ராமாயி அக்காவின் காப்புறுதி முதிர்ந்தது. அந்தப் பணத்தில் மகனுக்கு ஆட்டோ எடுக்க இருந்தார். ஆனால் காப்புறுதியில் அவர் ராமாயி, அடையாள அட்டையில் ரமாயி, தோட்டப் பதிவில் ராமம்மா. மூவரும் ஒருவரா என்று கம்பனி கையை விரித்துவிட்டது. சங்கம் சும்மா இருக்கவில்லை. மாஸ்டரும் நானும் அக்காவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், காப்புறுதிக் கம்பனிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் முறையிட்டோம். இந்த மூன்று பேரில் நீங்கள் யார் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "எழுதினவங்கதான் வேற வேற. நான் ஒரு ஆள்தான் ஐயா" என்றார் அக்கா. நான் மொழிபெயர்த்ததும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அப்போதே கம்பனியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

அடுத்த மாதம் அக்கா மகனோடு புது ஆட்டோவில் வந்திறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. வண்டிக்கும் காப்புறுதி வேண்டுமாம். நான் பேனாவைத் திறந்தேன். அக்கா அதை வாங்கி மகன் கையில் கொடுத்தார். "பேரை இவன் எழுதட்டும். நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க, மிஸ்."

எங்களைக் கண்காணிக்கச் சட்டம் வந்தது, சங்கமும் வந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்த வேலையை வாடிக்கையாளர்கள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.